எடை குறைந்த டியூப்லெஸ் சைக்கிள் டயர் - விற்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சைக்கிள், உதிரி பாகம், டயர் - டியூப் வியாபாரத்தில் இருக்கும் நம் அங்கத்தினர்கள் பலருக்கும் ஒரு புது வகை வாடிக்கையாளர் இப்போது அறிமுகமாகியிருப்பார். மலைச் சைக்கிள் வைத்திருப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மண் பாதையிலும் பாறைச் சரிவிலும் ஓட்டிவிட்டு வருவார். கடைக்குள் நுழைந்ததும், "டியூப் வேண்டாம். டியூப்லெஸ் டயரும் சீலன்ட்டும் வேண்டும். எடை குறைந்த டயராகப் பார்த்துக் கொடுங்கள்" என்பார். ஒரு ஜோடி டயர் விற்றால், இருபது சாதாரண டயர் விற்ற லாபம் கிடைக்கலாம். ஆகவே நாமும் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்து விடுகிறோம்.

அப்படி எடுத்துக் கொடுத்து நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லியே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம்.

கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், பழைய 26 அங்குல மலைச் சைக்கிளுடன் எங்கள் கடைக்கு வந்தான். எடை குறைந்த டியூப்லெஸ் டயர் இரண்டு வாங்கினான். அவனுடைய ரிம் டியூப்லெஸுக்கென்று செய்யப்பட்டதல்ல. அதில் டேப்பைச் சுற்றி, வால்வை மாட்டி, சீலன்ட்டை ஊற்றிக் காற்றடித்தோம். காற்று நின்றது. வேலை முடிந்தது என்று பில் போட்டு அனுப்பி விட்டோம். பத்து நாள் கழித்து ஓர் இறக்கத்தின் வளைவில் முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. பையனுக்குத் தோள் எலும்பில் முறிவு. மறுநாள் அவன் தகப்பனார் வந்தார். சண்டை போடவில்லை. நாங்கள் கொடுத்த பில்லை மேஜை மேல் வைத்து, "அண்ணாச்சி, இந்த டயர் இந்த ரிம்முக்குச் சேராதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியும் என்றால் நாங்கள் செய்தது துரோகம். தெரியாது என்றால் அந்தச் சரக்கை விற்க எங்களுக்குத் தகுதி இல்லை. இரண்டில் எதைச் சொல்வது? அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. மருத்துவச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டோம். பிறகுதான் இந்தச் சரக்கைப் பற்றி ஆரம்பத்திலிருந்து தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டவற்றை நம் அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

மோட்டார் சைக்கிள் டியூப்லெஸ் வேறு, இது வேறு

டியூப்லெஸ் என்றதும் நமக்கு மோட்டார் சைக்கிளும் காரும்தான் நினைவுக்கு வரும். அந்த டயர்களின் உட்புறத்தில் காற்றை விடாத ரப்பர் பூச்சு தடிமனாக இருக்கும். ரிம்மில் மாட்டிக் காற்றடித்தால் போதும், வேறு எதுவும் தேவையில்லை. ஆணி குத்தினால் குச்சி சொருகி அடைத்து விடுவார்கள். என்ஜின் இழுக்கும் வண்டி ஆகையால் டயர் இரண்டு கிலோ கூடினாலும் யாரும் கவலைப்படுவதில்லை.

சைக்கிளை இழுப்பது மனிதனின் கால். அங்கே நூறு கிராமுக்கும் கணக்கு உண்டு. 1999-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் மாவிக் நிறுவனம், மிஷெலின், ஹட்சின்சன் ஆகிய டயர் நிறுவனங்களுடன் சேர்ந்து மலைச் சைக்கிளுக்கு ஒரு டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தது. ரிம்மின் உட்பக்கம் ஸ்போக் துளைகளே இல்லாமல், டயரின் உட்புறம் காற்றுப் புகாத பூச்சோடு செய்யப்பட்ட முறை அது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பூச்சினால் டயரின் எடை கூடியது.

ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்டான் கோஸியாடெக் என்பவர் வேறு வழியில் யோசித்தார். காற்றைத் தடுக்கும் வேலையை டயர் ஏன் செய்ய வேண்டும்? டயர் மெல்லியதாகவே இருக்கட்டும், காற்று கசியும் நுண் துளைகளை உள்ளே ஊற்றும் ஒரு திரவம் அடைத்துக்கொள்ளட்டும் என்றார். ரிம்முக்கு ஒரு டேப், ஒரு வால்வு, ஒரு புட்டி ரப்பர் பால் திரவம் என்று விற்க ஆரம்பித்தார். இன்று "டியூப்லெஸ் ரெடி" என்று அச்சிட்டு வரும் டயர்கள் எல்லாம் இந்த யோசனையை ஒட்டி வந்தவையே.

நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான். எடை குறைந்த டியூப்லெஸ் சைக்கிள் டயர் தனியாகக் காற்றைப் பிடித்து நிறுத்தாது. ரிம், டேப், வால்வு, டயர், சீலன்ட் ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் சரக்கு. இதில் நான்கை விற்று ஒன்றை விட்டால், நாம் எதையும் விற்கவில்லை என்றே அர்த்தம்.

திரவம் எப்படி வேலை செய்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்து அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ரப்பர் மரத்தைச் சீவினால் பால் வடிகிறது. சும்மா விட்டால் தானே உறைந்து விடும். உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் விடுவார்கள். சைக்கிள் சீலன்ட்டில் பெரும்பாலானவை இந்தப் பாலின் ஒன்றுவிட்ட தம்பிதான். ரப்பர் பால், தண்ணீர், எளிதில் காய்ந்து போகாமலும் குளிரில் உறையாமலும் இருக்க கிளைக்கால், இவற்றோடு பொடிப் பொடியான துகள்கள். சில தயாரிப்புகளில் அம்மோனியா உண்டு. சில தயாரிப்புகளில் இல்லை. அம்மோனியா கலந்தது சில வகை அலுமினிய ரிம்களை அரிக்கக் கூடும் என்பதால் புட்டியின் மேல் இருப்பதைப் படித்து வாங்குவது நல்லது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் கையுறை போட்டு வேலை செய்வது கடைப் பையன்களுக்கு நல்ல பழக்கம்.

முள் குத்தியதும் உள்ளே இருக்கும் காற்று சீறி வெளியேறுகிறது. அதோடு திரவமும் துளைக்கு ஓடுகிறது. துகள்கள் துளையில் போய்ச் சிக்கிக்கொள்ள, அவற்றைச் சுற்றி ரப்பர் பால் உறைந்து அடைத்து விடுகிறது. சக்கரம் நாலைந்து சுற்றுச் சுற்றுவதற்குள் வேலை முடிந்து விடும். பல சமயம் முள் குத்தியதே ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பெரிதும் வாட்டுவது "ஆட்டுத் தலை" என்ற பொருளில் அவர்கள் பெயரிட்டு அழைக்கும் ஒரு முள். அது வேறு எதுவும் அல்ல, நம் நெருஞ்சி முள்தான். நெருஞ்சி அங்கே போயிற்று என்றால், அமெரிக்கக் கண்டத்திலிருந்து சீமைக் கருவேலம் இங்கே வந்தது. இரண்டுக்கும் எதிரே சீலன்ட் நன்றாகவே வேலை செய்கிறது. முள் போடும் துளை, மூன்று மில்லி மீட்டர் வரையிலான சிறு துளை ஆகியவற்றுக்கு இது போதும். ஆறு மில்லி மீட்டர் வரை அடைக்கும் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. ஆனால் கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் எந்தத் திரவமும் காப்பாற்றாது. இதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி விட வேண்டும். "இனிமேல் பஞ்சரே ஆகாது" என்று சொல்லி விற்பது பொய் சொல்லி விற்பதாகும்.

எடைக் கணக்கு

வியாபாரிகளுக்கு வரவு செலவு எழுதிக் காட்டினால்தான் திருப்தி. 29 அங்குலச் சக்கரம், 2.25 அங்குல அகல டயர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டியூப் ஒன்றின் எடை சுமார் 200 கிராம். அதை எடுத்து விடுகிறோம். பதிலுக்கு சீலன்ட் 100 மில்லி ஊற்றுகிறோம், அது சுமார் 100 கிராம். டேப்பும் வால்வும் சேர்ந்து சுமார் 20 கிராம். மீதி லாபம் 80 கிராம்தான். டியூப்பை எடுத்ததால் மட்டும் சைக்கிள் பஞ்சாகி விடாது.

பெரிய வித்தியாசம் டயரில் இருக்கிறது. பீட்டில் இரும்புக் கம்பி வைத்த சாதாரண டயர் 850, 900 கிராம் நிற்கும். பீட்டில் அராமிட் நார் வைத்து, மடித்துப் பெட்டியில் போட்டு வரும் மெல்லிய பந்தய டயர் 650 கிராம் அளவில் இருக்கும். ஆக ஒரு சக்கரத்துக்கு 300 கிராம் வரை குறையலாம். சுற்றும் எடை குறைவதால் ஏற்றத்தில் மிதிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் இந்த 200 கிராம் எங்கிருந்து குறைந்தது என்று யோசிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டுத் துணியையும் ரப்பரையும் மெல்லியதாக்கித்தான் குறைத்திருக்கிறார்கள். அதனால் கல்லில் சீக்கிரம் கிழியும். காற்று குறைவாக இருந்தால் வளைவில் டயர் ஒரு பக்கம் மடிந்து ஆட்டம் காட்டும். ஒல்லியான ஆள், மண் பாதை, பந்தயம் என்றால் இது பொருத்தம். கனமான ஆள், பாறைப் பாதை, மூட்டை கட்டிக்கொண்டு நெடும் பயணம் என்றால் 850 கிராம், ஒரு கிலோ உள்ள தடித்த டியூப்லெஸ் டயரே பொருத்தம். விலை கூடிய டயர் எல்லாருக்கும் நல்ல டயர் என்பதில்லை. எடை குறைந்த டயர் கேட்டு வருபவரிடம், "எங்கே ஓட்டுகிறீர்கள், உங்கள் எடை என்ன" என்று இரண்டு கேள்வி கேட்ட பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

உண்மையான லாபம் காற்றழுத்தத்தில்

டியூப்லெஸின் பெரிய பலன் எடையில் இல்லை, காற்றைக் குறைத்து ஓட்ட முடிவதில் இருக்கிறது. டியூப் உள்ள சக்கரம் கல்லில் மோதும்போது, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி இரண்டு துளை விழும். பாம்பு கடித்தது போல இரட்டைத் துளையாக இருப்பதை நம் மெக்கானிக்குகள் பார்த்திருப்பார்கள். அதற்குப் பயந்து 30, 35 பவுண்டு காற்று வைப்பார்கள். டியூப்பே இல்லை என்றால் நசுங்க எதுவும் இல்லை. 70 கிலோ எடையுள்ளவர் 2.25 அங்குல டயரில் முன்னால் 20 முதல் 22, பின்னால் 22 முதல் 25 பவுண்டு என்று தொடங்கிப் பார்க்கலாம். கனமானவர் கூட்டிக்கொள்ள வேண்டும். டயர் தரையோடு நன்றாகப் பதிகிறது, வழுக்கல் குறைகிறது, உடம்பு குலுங்குவதும் குறைகிறது.

கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்று காற்றடிக்கும் நம் பழைய வழக்கம் இங்கே உதவாது. சிறிய அழுத்தத்தையும் சரியாகக் காட்டும் மானி ஒன்று கடையில் இருக்க வேண்டும். காற்றை மிகவும் குறைத்தாலும் ஆபத்துதான். ரிம் கல்லில் இடித்து நெளியும், டயர் பக்கவாட்டில் காற்றைக் கக்கிக் கழலும்.

என்ன சரக்கு வைக்க வேண்டும்?

முதலில் அளவு. நம் தொழிலில் 26 அங்குலம் என்றாலே இரண்டு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். 26 × 1⅜ ரிம்மின் பீட் அமரும் விட்டம் 590 மி.மீ. மலைச் சைக்கிளின் 26 அங்குலம் 559 மி.மீ. பழைய 28 × 1½ சைக்கிளுக்கு 635 மி.மீ. இன்றைய மலைச் சைக்கிளில் 27.5 அங்குலம் என்பது 584 மி.மீ., 29 அங்குலம் என்பது 622 மி.மீ. டயரின் பக்கத்தில் 57-622 என்பது போல அச்சிட்டிருப்பார்கள். முன் எண் அகலம், பின் எண் இந்த விட்டம். அங்குலத்தை நம்பாமல் இந்த எண்ணைப் பார்த்துக் கொடுத்தால் அளவில் தவறு நேராது.

இரண்டாவது, ரிம். டியூப்லெஸுக்கென்று செய்த ரிம்மில் பீட்டைப் பிடித்துக்கொள்ள உட்புறம் ஒரு சிறு மேடு இருக்கும். சாதாரண ரிம்மில் அது கிடையாது. எங்கள் கடையில் அந்தப் பையனுக்கு நேர்ந்தது இதனால்தான். காற்று நிற்பது வேறு, டயர் ரிம்மில் பிடித்து நிற்பது வேறு. ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதாக இல்லையென்றால் டியூப் போட்டே ஓட்டச் சொல்ல வேண்டும். அதேபோல் டயரிலும் "டியூப்லெஸ் ரெடி" என்ற குறிப்பு இருக்க வேண்டும். எடை குறைந்தது, மடித்து வருவது என்பதால் மட்டும் அது டியூப்லெஸ் ஆகி விடாது.

மூன்றாவது, டேப். ஸ்போக் துளைகளை மூட நாம் போடும் துணிப் பட்டையோ ரப்பர் பட்டையோ காற்றைத் தடுக்காது. ரிம்மின் உள் அகலத்தை விட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக உள்ள டியூப்லெஸ் டேப் வேண்டும். நான்காவது, உள் முனை கழற்றக்கூடிய வால்வு. வால் டியூப் போட்ட பழைய வால்வு இதற்கு ஆகாது. ஐந்தாவது, சீலன்ட்.

இவற்றோடு, பெரிய துளையை அடைக்கச் சொருகும் ரப்பர் திரிகளும் வைக்கலாம். மோட்டார் சைக்கிள் பஞ்சருக்குப் பயன்படும் குச்சியின் சிறு வடிவம்தான் அது.

மாட்டும் முறை

ரிம்மில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட் கொண்டு துடைத்துக் காய விட வேண்டும். டேப்பை இழுத்துப் பிடித்துச் சுருக்கமின்றி ஒட்டி, தொடங்கிய இடத்தைத் தாண்டி நாலு அங்குலம் மேலேறும்படி முடிக்க வேண்டும். வால்வு வரும் இடத்தில் கூர்முனையால் சிறு துளை மட்டும் போட வேண்டும். துளை பெரிதானால் டேப் முழுவதும் வீண். வால்வை இறுக்கி, டயரை ஏற்றி, பீட் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும்.

பிறகு வால்வின் உள் முனையைக் கழற்றி விட்டுக் காற்றடித்தால் காற்று வேகமாகப் பாயும். கம்ப்ரஸர் இருந்தால் சுலபம். ஆனால் அதிலேதான் ஆபத்தும் இருக்கிறது. டயரிலும் ரிம்மிலும் அதிகபட்ச அழுத்தம் அச்சிட்டிருப்பார்கள். இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது. "டப், டப்" என்று சத்தம் கேட்டு பீட் உட்காரும். உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டுமே தவிர, மேலும் மேலும் அடிக்கக் கூடாது. முகத்தைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோகக் கூடாது என்று பையன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும்.

பீட் உட்கார்ந்த பின் காற்றை இறக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சு மூலம் வால்வு வழியாக சீலன்ட்டைச் செலுத்தலாம். 29 × 2.25 டயருக்கு 90 முதல் 120 மி.லி. போதும். அகலமான டயருக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். எடையை மிச்சம் பிடிக்கிறேன் என்று முப்பது மி.லி. ஊற்றினால் முதல் முள்ளிலேயே வண்டி நிற்கும். மறுபடி காற்றடித்து, சக்கரத்தைப் படுக்கை வாட்டில் இரு பக்கமும் ஆட்டித் திருப்ப வேண்டும். மெல்லிய டயரின் பக்கவாட்டில் வியர்த்தது போல ஈரம் தெரியும். பயப்பட வேண்டாம், நுண் துளைகள் அடைபடுகின்றன என்று பொருள். சிறிது தூரம் ஓட்டி விட்டு, ஓரிரவு வைத்துப் பார்த்து, காற்று நின்ற பிறகே வாடிக்கையாளரிடம் கொடுப்பது உத்தமம்.

காய்ந்து போகும் சரக்கு

மற்ற உதிரி பாகங்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், ஊற்றிய நாளிலிருந்தே இது கெட ஆரம்பிக்கிறது என்பதுதான். டயரின் உள்ளே நீர்ச்சத்து மெதுவாக வெளியேறி, ரப்பர் மட்டும் தோலாகவும் உருண்டையாகவும் தங்கி விடும். இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. வெயிலில் நிற்கும் வண்டிக்கு அந்தக் காலம் இன்னும் சுருங்கும். வெளியே பார்த்தால் டயர் புதிதாகவே தெரியும். உள்ளே பாதுகாப்பு போயிருக்கும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து, குறைந்ததை ஊற்ற வேண்டும். கார்பன் டை ஆக்சைடு குப்பியால் காற்றடித்தால் ரப்பர் பால் சீலன்ட் உறைந்து போகக் கூடும் என்பதையும் சொல்லி விட வேண்டும்.

கடை இருப்பிலும் கவனம் தேவை. தகரக் கூரை போட்ட கிடங்கின் வெப்பம் புட்டிக்கு ஆகாது. மொத்த வியாபாரிகள் தயாரித்த மாதத்தைப் பார்த்து, முதலில் வந்ததை முதலில் அனுப்ப வேண்டும். துகள்கள் அடியில் படிந்து விடுவதால் ஒவ்வொரு முறையும் புட்டியை நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும். குலுக்காமல் ஊற்றினால் மேலே உள்ள பால் மட்டும் போகும், துளையை அடைக்க வேண்டிய துகள் புட்டியிலேயே தங்கி விடும்.

சட்டம் சொல்வது

இந்தச் சரக்கில் இறக்குமதி அதிகம். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, பொட்டலத்தின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உற்பத்தி நாடு, அளவு, மாதம் - ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத சரக்கை மலிவு என்று எடுத்தால் பின்னால் தொல்லை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் முக்கியமானது. அதன் 86-ஆம் பிரிவு விற்பனையாளரின் பொறுப்பைப் பற்றியது. பொருளைப் பொருத்துவதிலோ பரிசோதிப்பதிலோ பராமரிப்பதிலோ தக்க கவனம் காட்டாமலோ, தயாரிப்பாளர் தரும் எச்சரிக்கைகளையும் உபயோகக் குறிப்புகளையும் வாடிக்கையாளரிடம் சொல்லாமலோ விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தால், தயாரிப்பாளர் அல்லாத விற்பனையாளரும் பொறுப்பாவார். "நான் விற்றவன் மட்டும்தானே" என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது.

பில்லின் பின்புறம்

இப்போது எங்கள் கடையில் டியூப்லெஸ் மாட்டினால், பில்லின் பின்புறம் ஐந்து வரி எழுதிக் கொடுக்கிறோம். ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதா, எந்த சீலன்ட் எத்தனை மி.லி. ஊற்றினோம், எந்தத் தேதியில் ஊற்றினோம், எத்தனை பவுண்டு காற்று, மறுபடி எப்போது பார்க்க வர வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்கும். பில்லின் நகலிலும் அதையே எழுதி வைத்துக்கொள்கிறோம். தேதி நெருங்கும்போது வாடிக்கையாளருக்குப் போன் செய்கிறோம். சீலன்ட் ஊற்ற வருகிறவர் செயின் எண்ணெய், பிரேக் கட்டை என்று வேறு ஏதாவதும் வாங்கிப் போகிறார். ஒரு முறை விற்றுத் தீர்ந்து போகும் டயர் வியாபாரம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் வியாபாரமாக மாறியிருக்கிறது.

ரிம் சேராது என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அன்றைய வியாபாரம் போனது உண்மைதான். ஆனால் அவர்களில் சிலர் சரியான சக்கரம் வாங்க எங்களிடமே திரும்பி வந்தார்கள்.

அந்தத் தகப்பனார் கேட்ட கேள்வி நம்மில் யார் கடைக்கும் வரலாம். வருவதற்கு முன்பே பதிலை எழுதிக் கையில் கொடுத்து விடுவதுதான் வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.